கல்லின் எந்த வயது?

எங்கள் இலக்கிய வட்டம் கூடும் அறையின் நூலலமாரியில், பழைய சிற்றிதழ்த் தொகுப்புகளுக்கு முன்னால் இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்று சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் எடுத்தது. கருமையும் சாம்பலும் கலந்த கனத்த கல். மற்றொன்று இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில், சட்லஜ் ஆற்றுக்கு மேலே செல்லும் சாலையோரத்தில் எடுத்தது. வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக ஓட, திருப்பினால் அப்ரகத் துகள்கள் மினுக்கும் கல். அறைக்கு வருபவர்களில் பாதிப் பேராவது கேட்கும் கேள்வி, 'இவற்றில் எது பழையது?' என்பது. அக்கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூற எங்களால் இயலாமற்போன கதையே இக்கட்டுரை.

2019ஆம் ஆண்டு அக்டோபரில் எங்களுள் நால்வர் கின்னௌருக்குப் பயணம் சென்றிருந்தோம். மூவர் இலக்கியம் தவிர வேறொன்றும் அறியாதவர்கள். நான்காமவர், கல்லூரியில் நிலவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர். வட்டத்தில் எல்லோருக்கும் அவர் 'ஐயா'தான். வாங்டூவுக்கு முன்னால் மலையிலிருந்து கற்கள் உருண்டு சாலையை மூடிவிட்டதாகச் சொல்லி வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். முற்பகல் பத்து மணிக்கு நின்றவர்கள் மாலை நான்குக்குத்தான் நகர முடிந்தது. கீழே வெகு ஆழத்தில் சாம்பல் நிறத்தில் சட்லஜ். மேலே அண்ணாந்து பார்த்தாலும் முடியாத பாறைச் சுவர். எங்களுள் ஒருவர் சாலையோரம் கிடந்த கல்லொன்றை எடுத்து வந்து ஐயாவிடம் நீட்டினார்.

"ஐயா, இந்தக் கல்லுக்கு என்ன வயது?"

ஐயா கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்த வயது, தம்பி?"

கல்லுக்கு ஒரு வயதுக்கு மேல் இருக்கக்கூடும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். வண்டி நின்ற ஆறு மணி நேரமும் அதுவே பேச்சாயிற்று.

ஐயா சொன்னதை எங்களுக்கு விளங்கிய வரையில் தருகிறோம். இப்பகுதிப் பாறையில் ஜிர்கான் என்னும் கனிமம் மணல் துகள் அளவில் சிதறிக் கிடக்கிறது. அது உருவாகும்போது சிறிதளவு யுரேனியத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. ஈயத்தை ஏறக்குறைய வாங்குவதேயில்லை. யுரேனியம் காலப்போக்கில் சிதைந்து ஈயமாகிறது. ஆகவே இன்று ஜிர்கானில் உள்ள ஈயத்தையும் யுரேனியத்தையும் அளந்தால், அத்துகள் பிறந்து எவ்வளவு காலமாயிற்று என்று கணக்கிடலாம். எங்கள் கல்லை எந்தச் சோதனைக்கூடமும் கண்டதில்லை. ஆனால் வாங்டூப் பகுதியின் வரிப்பாறைகளில் எடுத்த ஜிர்கான்கள் சுமார் 180 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வயதைக் காட்டியிருக்கின்றன. இமயம் என்று ஒன்று இல்லாத காலம் அது. இந்தியத் தட்டு ஆசியாவை முட்டத் தொடங்கியதே சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

"அப்படியானால் கல்லின் வயது 180 கோடி" என்று நாங்கள் முடித்துக்கொள்ளப் பார்த்தோம். ஐயா விடவில்லை. கல்லில் மினுங்கிய வெள்ளை அப்ரகத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். அப்ரகத்தில் பொட்டாசியம் உண்டு. அதில் மிகச் சிறு பங்கு கதிரியக்கம் உடையது. அப்பங்கின் ஒரு பகுதி ஆர்கான் என்னும் வளியாக மாறுகிறது. இந்தக் கடிகாரத்தை வைத்து அளந்தால் இதே பாறைத் தொடரின் அப்ரகம் 180 கோடியைச் சொல்வதில்லை. ஏறத்தாழ 40 லட்சத்திலிருந்து 70 லட்சம் ஆண்டுகள் என்கிறது. அபடைட் என்னும் இன்னொரு கனிமத்தைக் கேட்டால் அதைவிடவும் குறைத்து, சில லட்சங்களிலும் பத்து லட்சங்களிலும் பேசுகிறது.

ஒரே கல். மூன்று சாட்சிகள். மூன்றும் பொய் சொல்லவில்லை.

இந்த முரண், ஐயா விளக்கியபடி, ஆய்வாளர்களையே ஒரு காலத்தில் குழப்பியிருக்கிறது. 1960களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் எமிலி யேகர் என்னும் நிலவியலாளரும் உடன் உழைத்தோரும் ஆல்ப்ஸ் மலையின் அப்ரகங்களை அளந்தபோது, கனிமங்கள் உருவான காலமாகக் கருதப்பட்டதைவிட இளைய வயதுகளே கிடைத்தன. அவை பிழையல்ல, அப்ரகம் குளிர்ந்த காலத்தையே அவை காட்டுகின்றன என்ற விளக்கம் அங்கே உறுதிப்பட்டது. 1973இல் மார்ட்டின் டாட்சன் இதற்குக் கணித வடிவம் தந்தார். ஒவ்வொரு கனிமத்துக்கும் ஒரு 'மூடு வெப்பநிலை' உண்டு. அதற்கு மேல் சூடாக இருக்கும்வரை சிதைவில் பிறந்த பொருள் கனிமத்தில் தங்காமல் வெளியேறிவிடுகிறது. அவ்வெப்பநிலைக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அது சேரத் தொடங்குகிறது.

"அடியில்லாத உண்டியலில் காசு போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் ஐயா. "போடப் போட விழுந்துகொண்டே இருக்கும். ஒருநாள் யாரோ அடியை அடைத்துவிடுகிறார்கள். அன்றிலிருந்து காசு சேர்கிறது. பின்னால் ஒருவன் வந்து எண்ணிப் பார்த்தால், உண்டியல் எப்போது செய்யப்பட்டது என்றா தெரியும்? அடி அடைபட்டது என்றைக்கு என்றுதான் தெரியும்."

ஜிர்கானின் யுரேனிய உண்டியல் 900 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே அடைபட்டுவிடுகிறது. ஆகவே அது பிறப்பை நினைவில் வைத்திருக்கிறது. வெள்ளை அப்ரகத்தின் ஆர்கான் உண்டியல் ஏறத்தாழ 400 டிகிரியில் அடைபடுகிறது. கறுப்பு அப்ரகத்துடையது சுமார் 300இல். அபடைட்டில் இரு கணக்குகள் உள்ளன. யுரேனியம் சிதையும்போது தோன்றும் ஹீலியத்தின் கணக்கு சுமார் 70 டிகிரியில்தான் தொடங்குகிறது. மற்றொன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களை வசப்படுத்தியது அதுதான்.

யுரேனிய அணு பெரும்பாலும் ஹீலியக் கருவை உமிழ்ந்தே சிதைகிறது. ஏறக்குறைய 20 லட்சம் சிதைவுகளுக்கு ஒருமுறை மட்டும் அணுக்கரு தானாகவே இரண்டாகப் பிளக்கிறது. பிளந்த துண்டுகள் எதிரெதிர்த் திசையில் பாய்ந்து, படிகத்தில் ஒரு நேர்க்கோட்டுத் தழும்பை விட்டுச் செல்கின்றன. அபடைட்டில் புதிய தழும்பின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய அறுபதில் ஒரு பங்கு. படிகத்தை மெருகேற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில விநாடிகள் வைத்தால் தழும்புகள் அரிக்கப்பட்டு அகலமாகின்றன, நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம். 1960களில் அமெரிக்காவில் ஃப்ளீஷர், பிரைஸ், வாக்கர் ஆகிய மூவரும் இம்முறையை வளர்த்தெடுத்தார்கள். தமிழில் இதைப் 'பிளவுத் தடம்' எனலாம்.

சூடு இருந்தால் தழும்பு ஆறிவிடுகிறது. 120 டிகிரிக்கு மேல் அபடைட்டில் தடமே நிலைப்பதில்லை. 120க்கும் 60க்கும் இடையில் தடங்கள் நிற்கின்றன, ஆனால் குறுகுகின்றன. அதற்கும் கீழே ஏறக்குறைய முழு நீளத்தில் நிற்கின்றன. எனவே தடங்களின் எண்ணிக்கை குளிர்ந்த காலத்தைச் சொல்கிறது என்றால், அவற்றின் நீளம் குளிர்ந்த விதத்தைச் சொல்கிறது. எல்லாத் தடங்களும் நெடியவையாக இருந்தால் கல் அவ்விடைவெளியை விரைந்து கடந்து வந்திருக்கிறது. குட்டையும் நெட்டையும் கலந்திருந்தால் அங்கே வெகுகாலம் தங்கித் தயங்கி வந்திருக்கிறது.

இனி மலைக்கு வருவோம். பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறுகிறது. பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. ஆகவே 110 டிகிரி என்பது சுமார் 4 கிலோமீட்டர் ஆழம். ஓர் அபடைட் 20 லட்சம் ஆண்டுகள் என்று சொல்லுமானால், அக்கல் 20 லட்சம் ஆண்டுகளில் 4 கிலோமீட்டர் வெளியே வந்திருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர்.

ஊர் திரும்பியதும் இதைக் கட்டுரையாக்கினோம். 2020இன் தொடக்கத்தில், எங்களுக்கே பெருமையாக இருந்த ஒரு வாக்கியத்தோடு அதை முடித்திருந்தோம்: 'இமயம் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர், மெல்ல, ஓசையின்றி எழுகிறது.' ஐயாவுக்கு அனுப்பினோம். பத்து நாட்களில் திரும்பி வந்தது. கட்டுரை முழுவதும் ஒரு குறியும் இல்லை. கடைசி வாக்கியத்தில் மட்டும் இரண்டு சொற்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். ஒன்று 'எழுகிறது'. மற்றொன்று 'மெல்ல'.

தொலைபேசியில் கேட்டோம். முதற்சொல்லுக்கு விளக்கம் தந்தார். கனிமத்தின் கடிகாரம் உயரத்தை அறியாது; குளிர்ச்சியை மட்டுமே அறியும். கல் குளிர்வதற்குக் காரணம் அது மேற்பரப்பை நெருங்குவது. நெருங்குவதற்கு இரு வழிகள் உண்டு. கல் மேலே தள்ளப்படலாம். அல்லது அதன் மேல் கிடந்த பாறை அரித்துப் போகலாம். கல்லை எவ்வளவுதான் தள்ளினாலும் அதன் தலைக்கு மேலிருப்பதும் சேர்ந்தே உயர்ந்தால், அது குளிராது. மேலிருப்பது அகன்றால்தான் குளிரும். ஆகவே அந்த 2 மில்லிமீட்டர், மலை பெற்ற உயரமன்று. மலை இழந்த பாறை. 1990இல் ஃபிலிப் இங்கிலண்டும் பீட்டர் மோல்னாரும் இதைத் தெளிவாக எழுதினார்கள்: பாறை உயர்வது வேறு, நிலப்பரப்பு உயர்வது வேறு, பாறை வெளிப்படுவது வேறு, மூன்றையும் ஒன்றாக்கிப் பலரும் பேசிவருகிறார்கள் என்று. எங்களைப்போன்றோரை நிலவியலாளர்களுள்ளும் அவர்கள் கண்டிருக்கிறார்கள் என்பதில் எங்களுக்குச் சிறிது ஆறுதல்.

அதே ஆண்டில் அவ்விருவரும் இன்னொரு கேள்வியையும் எழுப்பினார்கள். மலை உயர்ந்ததால் பருவநிலை மாறியதா, பருவநிலை மாறி அரிப்பு மிகுந்ததால் மலை அண்மையில் உயர்ந்ததுபோல் நமக்குத் தோன்றுகிறதா? கோழியா, முட்டையா என்னும் பழைய வழக்குதான். சட்லஜ் பள்ளத்தாக்கே இவ்வழக்குக்கு ஒரு சாட்சி. 2004இல் ரஸ்முஸ் தீடேயும் குழுவினரும் வெளியிட்ட பிளவுத்தட அளவுகளில், இளைய வயதுகள் பருவமழை அடித்துப் பெய்யும் தெற்குச் சரிவில் திரண்டிருந்தன. மழை அரிப்பதால் பாறை விரைந்து மேலே வருகிறது என்பது அவர்கள் வாதம். கீழே உள்ள பிளவுப் பெயர்ச்சிகளின் தள்ளுதலே முதற்காரணம், மழை துணைக்காரணம் என்போரும் உண்டு. ஆறு அறுக்கிறது, அறுபட்ட இடத்தில் சுமை குறைகிறது, குறைந்த இடத்தை நோக்கிக் கீழ்ப்பாறை வருகிறது என்று இரண்டையும் இணைத்துப் பேசுவோரும் உண்டு.

எங்கள் 4 கிலோமீட்டர்க் கணக்கிலும் ஓர் ஓட்டை இருந்தது. பாறை விரைந்து மேலேறும்போது தன் சூட்டையும் தூக்கிக்கொண்டே வருகிறது. அதனால் 110 டிகிரி என்னும் எல்லை 4 கிலோமீட்டருக்கும் மேலேயே வந்து நிற்கும். வகுத்துக் கிடைத்த வேகம் மிகையாகிவிடும். சட்லஜ் கரையில் இதற்குச் சான்று தேடிப் போக வேண்டியதில்லை. நாத்பா ஜாக்ரி நீர்மின் திட்டத்துக்காக 27 கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கம் குடைந்தபோது, மலைக்குள்ளிருந்து சுடுநீர் பாய்ந்து வேலையைத் தடுத்தது. இவ்வகைப் பிழையைக் குறைக்கத்தான் ஆய்வாளர்கள் ஒரே சரிவில் அடியிலிருந்து முடிவரை பல உயரங்களில் கல்லெடுக்கிறார்கள். மேலே எடுத்த கல் முன்பே குளிர்ந்தது. கீழே எடுத்தது பின்னர் குளிர்ந்தது. இரண்டுக்கும் உள்ள உயர வேறுபாட்டைக் கால வேறுபாட்டால் வகுத்தால், ஆழத்தை ஊகிக்காமலே வேகத்தை மதிப்பிடலாம்.

எல்லாம் விளங்கியது. "சரி ஐயா, 'மெல்ல' என்பதில் என்ன பிழை? ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் மெல்ல இல்லையா? எழுபது வயது வாழ்ந்த மனிதருக்குள் 14 சென்டிமீட்டர்தானே?" என்றோம். "அது உங்களுக்கே தெரியும். நீங்கள் ஆறு மணி நேரம் அங்கே நின்றவர்கள்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. கட்டுரையை மூடி வைத்துவிட்டோம்.

2021 ஆகஸ்டு 11 அன்று கின்னௌரின் நிகுல்சாரியில், நாங்கள் நின்றிருந்த அதே நெடுஞ்சாலையில், மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த பேருந்தும் வேறு வண்டிகளும் அதனடியில் சிக்கின. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொலைக்காட்சியில் காட்டிய இடிபாட்டுக் குவியலில் வெள்ளையும் கறுப்புமாக வரியோடிய கற்கள் கிடந்தன. எங்கள் அலமாரியில் இருப்பதைப் போன்றவை. அன்று மாலை ஐயாவை அழைத்தோம். அவரும் செய்தியைப் பார்த்திருந்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்த 2 மில்லிமீட்டர் இப்படித்தான் போகிறது, தம்பி. நாங்கள் சராசரி எழுதுகிறோம். மலை சராசரியாக விழுவதில்லை."

அன்றுதான் சிவப்பு வட்டத்தின் பொருள் தெரிந்தது. தடங்களை எண்ணிக் கிடைக்கும் வேகம், 20 லட்சம் ஆண்டுகளின் கணக்கை ஓர் ஆண்டுக்குப் பங்கிட்டது. அந்த 20 லட்சம் ஆண்டுகளில் எத்தனையோ ஆண்டுகள் அச்சரிவில் ஒன்றுமே நிகழாமல் கழிந்திருக்கும். ஏதோ ஓர் ஆண்டின் ஏதோ ஒரு நொடியில் பல மீட்டர்ப் பாறை ஒருங்கே போயிருக்கும். 2019இல் சாலையில் உருண்டு எங்களை நிறுத்திய கற்களும் அக்கணக்கில் ஒரு துளி. நாங்கள் சலித்துக்கொண்டு தேநீர் குடித்த அந்த ஆறு மணி நேரத்தில், கட்டுரையில் நாங்கள் 'ஓசையின்றி' என்று எழுதிய அதே நிகழ்வுதான் எங்கள் கண்முன்னே நடந்துகொண்டிருந்தது. அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டே நின்றிருந்தோம். எழுத உட்கார்ந்தபோது அதை மறந்தோம். பெரிய எண்களைக் கண்டால் அமைதியைக் கற்பித்துக்கொள்வது எழுதுகிறவர்களின் பழக்கமாயிருக்கலாம். அச்சாலையில் நாள்தோறும் போய்வரும் மக்களுக்கு அந்தச் சொகுசு இல்லை.

அதற்காக அந்த எண்களைக் குறைத்துச் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். கடந்துபோன எத்தனையோ மலைச்சரிவுகளுக்குப் பெயருமில்லை, பதிவுமில்லை. சரிந்த பாறையை ஆறு மணலாக்கிச் சமவெளிக்கும் கடலுக்கும் கொண்டுபோய்விட்டது. ஆனால் அடியிலிருந்த கல் ஒவ்வொரு இழப்பின்போதும் சிறிது குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அபடைட்டின் தழும்புகளில் நிற்கிறது. இல்லாமற்போன பாறையைப் பற்றி இருக்கும் கல்லைக் கேட்டறியும் வழி இது.

இனிப் பல்லாவரத்துக் கல். கொல்கத்தாவில் யோப் சார்னாக் கல்லறையின் மேல் கிடந்த கல் இவ்வினத்தது என்று கண்டு, 1893இல் தாமஸ் ஹாலண்ட் அவர் பெயராலேயே இதற்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். சென்னைப் பகுதியில் இது நிலத்தின் ஆழத்தில், பெருஞ்சூட்டில் உருப்பெற்றுச் சுமார் 250 கோடி ஆண்டுகளாகின்றன. பிறப்பைக் கேட்டால் சட்லஜ் கல்லைவிட இதுவே மூத்தது; ஆனாலும் இரண்டும் கோடிக்கணக்கில் நூறைத் தாண்டியவை. குளிர்ந்த காலத்தைக் கேட்டால்தான் பேதம் பெரிது. தென்னிந்தியப் பாறைகளில் அபடைட் காட்டும் வயது பெரும்பாலும் 10 கோடி ஆண்டுகளுக்கு மேல். சட்லஜ் கல் கிலோமீட்டர்க் கணக்கில் பாறையை உதறிவிட்டு வெளியேறிய காலம் முழுவதும், நம் பக்கத்துக் கற்கள் மேற்பரப்பை அடுத்துக் குளிர்ந்தே கிடந்திருக்கின்றன.

சென்ற மாதம் எங்கள் அறைக்கு வந்த பள்ளி மாணவி ஒருத்தி இரண்டு கற்களையும் கையில் எடுத்து, எதிர்பார்த்த கேள்வியையே கேட்டாள். 'எந்த வயது, அம்மா?' என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். அவள் விழித்தாள். உட்காரச் சொல்லிவிட்டு, உண்டியலிலிருந்து தொடங்கினோம். நிகுல்சாரி வரை சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டபின் அவள் சட்லஜ் கல்லை அலமாரியில் வைத்த விதம், எடுத்த விதத்தினும் சற்று மெதுவாக இருந்தது.

இந்தக் கட்டுரையை ஐயாவுக்கு அனுப்பிவிட்டுத்தான் இங்கே இடுகிறோம். இம்முறை வட்டங்கள் இல்லை. 'மில்லிமீட்டர்' என்று எழுதிய இடங்களிலெல்லாம் ஓரத்தில் சிறு கோடு மட்டும் இழுத்திருக்கிறார். அதைச் சரி என்பதாகவே எடுத்துக்கொண்டோம்.